அண்டா வண்டியின் புதுப் பம்ப்

சாத்தான்குளம் தாண்டி, தார் ரோடு முடிந்து செம்மண் தேரி தொடங்குகிற இடத்தில் வண்டி நின்றது. முதலில் இருமியது. பிறகு குலுங்கியது. பிறகு ஒன்றுமே இல்லை. பின்னால் அடுக்கியிருந்த அண்டாக்கள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக் கடைசியாக ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கின.

நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது.

பக்கத்தில் இசக்கி உட்கார்ந்திருந்தான். பாளையங்கோட்டையில் எங்கள் பாத்திர வாடகைக் கடையில் பல வருடமாகச் சுமை ஏற்றி இறக்குகிறவன். பேரப்பிள்ளை எடுத்துவிட்டான், இன்னும் என்னைக் கண்டால் பீடியை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பான்.

“யக்கா, நின்னுட்டு,” என்றான்.

“எனக்கும் கண்ணு தெரியும்லே,” என்றேன்.

உச்சிவெயில். இரண்டு பக்கமும் சிவப்பு மணல், பனை, மறுபடியும் பனை. நாங்கள் போகவேண்டிய ஊரின் கோயில் வளாகத்தில் அந்நேரம் ஆடுகளை அறுத்து, கறியை வெட்டி, வாழையிலையில் பரப்பி வைத்திருப்பார்கள். விறகு அடுக்கியாகிவிட்டிருக்கும். அரிசி களைய ஆட்கள் நிற்பார்கள். எல்லாரும் எதற்காகக் காத்திருக்கிறார்கள்? என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இந்த அண்டாக்களுக்காக.

அதுவாவது பரவாயில்லை. வண்டி வழியில் நின்றால் அதை எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்று நான் அந்த ஊர்க்காரர்களிடம் வாய் விட்டிருந்தேன்.

வாயைக் கொடுத்த கதை

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. சர்ச்சை நாங்கள் கோயில் என்போம். அதன் பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாளில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. சோறு, கறிக்குழம்பு, அவ்வளவுதான். ஐயர், அதாவது சபைப் போதகர், ஜெபம் பண்ணி முடித்ததும் பந்தி தொடங்கும். வருகிறவர் எந்தச் சபை, எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. இலை போட்டால் உட்காரவேண்டியதுதான். இந்தச் சாப்பாட்டுக்காகவே சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் லீவு போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

போன வருடம் இதே ஊர் அசனத்துக்கு, இதே ரோட்டில், வண்டி வெயிலில் நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பந்தி போடுவதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டன. தூங்குகிற குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் கையால் சோறு பிசைந்த ஒரு பெண்ணை நான் பார்த்தேன். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இந்த வருடம் பண்டிகை நெருங்கியதும் சாமுவேல் அண்ணாச்சி கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், இப்போது அந்தச் சபையின் கமிட்டிச் செயலர். சட்டைப் பையில் இன்னும் சிவப்புப் பேனா வைத்திருக்கிறவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“எம்மா, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. இந்தத் தடவ உடன்குடியில இருந்து பாத்திரம் எடுத்துக்கிடலாம்னு கமிட்டில பேசுதாவ.”

“அண்ணாச்சி, இந்த ஒரு தடவ எனக்குக் குடுங்க.”

“வண்டி மறுபடி நின்னா?”

“நின்னா எடைக்குப் போட்டுருதேன்.”

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. நாக்கு என்னைக் கேட்காமல் போய்விட்டது. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“சொல்லிட்ட. பொறவு மாறக்கூடாது.”

“மாற மாட்டேன்.”

வண்டி போனால் கடையும் போன மாதிரிதான். ஆள் உயர அண்டாக்களை வாடகை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினால் எனக்கு மிஞ்சுவது கரண்டிதான். கடை போனால் நான் எங்கே போவேன் என்பதும் முடிவாகியிருந்தது. என் கொழுந்தன் ஜெபராஜ் தன் வீட்டு மாடியில் ஓர் அறையை எனக்கென்று ஒழித்து வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் இறந்த வருடத்திலிருந்து “மதினி, எப்ப வாரிய?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர். நல்ல அறை, காற்றும் வரும். எனக்குத்தான் அந்த அறைக்குப் போக இஷ்டமில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் என் இரண்டு கட்டு வீட்டில், என் காபியை நானே போட்டுக் குடித்து, நினைத்த நேரத்துக்கு வண்டியை எடுக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன ஆசையாக இருக்கும். எனக்கு அதுதான் எல்லாம்.

ஈரச் சாக்கு

போன வாரம் இந்தப் பத்தியில் அண்டாவுக்கு ஈயம் பூசுவதைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, விருதுநகரிலிருந்து ஒரு சகோதரி, ‘வண்டியை யார் ஓட்டுவது?’ என்று கேட்டிருந்தார். நான்தான் ஓட்டுகிறேன்.

ராணுவத்தில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட வண்டி அது. மூக்கு நீண்ட, பெட்ரோலில் ஓடுகிற லாரி. லாரி என்றால் பெரிய லாரி இல்லை, ஒரு டன் ஏற்றலாம். நாலு சக்கரமும் இழுக்கும், அதனால் மற்ற வண்டிகள் புதைந்து நிற்கிற தேரி மணலில் இது பைய ஏறிப் போய்விடும். என் வீட்டுக்காரர் தங்கராஜ் அதை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்த அன்று நான் ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. கட்டியவன் பெயரைச் சொன்னால் என் மாமியாருக்குப் பிடிக்காது. அவர்களும் இப்போது இல்லை, ஆகையால் தைரியமாக எழுதுகிறேன்.

மறுவாரமே எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ஊர் சிரித்தது. “சிரிக்கட்டும். எனக்குக் காய்ச்சல் வந்தா இவனுவளா வந்து ஓட்டுவானுவ?” என்றார். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது நான்தான் ஓட்டினேன். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இந்த வண்டியில்தான். இந்த வண்டிக்குள் அவர் இருக்கிறார் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். வண்டி வண்டிதான். ஆனால் கிளட்சை மிதிக்கும்போது அவர் குரல் காதில் விழும், அதை இல்லையென்று சொல்ல முடியாது.

வண்டிக்கு இருந்த ஒரே வியாதி பெட்ரோல் பம்ப். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கும். இன்ஜின் சுற்றச் சுற்ற, உள்ளே ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் போய், பின்னாலிருக்கிற டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்கு அனுப்பும். பக்கத்திலேயே புகை போகிற குழாய் நெருப்பாய்க் கொதிக்கும். நம் ஊர் சித்திரை வெயிலும் அதோடு சேர்ந்தால், பெட்ரோல் வழியிலேயே ஆவியாகிவிடும். பம்ப் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வண்டி நின்றுவிடும்.

அதற்கு என் வீட்டுக்காரர் வைத்திருந்த வைத்தியம் ஈரச் சாக்கு. பம்பின்மேல் நனைத்த சாக்கைப் போர்த்தி, செய்துங்கநல்லூரில் வாழைத்தோட்டத்துக்குப் பாயும் வாய்க்காலில் ஒரு தடவை நனைத்து, பேய்க்குளத்தில் ஒரு தடவை நனைத்து ஓட்டுவோம். வண்டியின் பக்கவாட்டில் ராணுவக்காரர்கள் தகர கேன் மாட்டுகிற இரண்டு கூடுகள் உண்டு. ஒன்றில் சாக்குக்குத் தண்ணீர். இன்னொன்றில் அவசரத்துக்கு பெட்ரோல்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் போடவிடமாட்டார். பங்கில் பையன் குழாயைப் பிடித்தால், “போதும் போதும், பாதி போதும்,” என்று கத்துவார். கஞ்சத்தனம் என்று நானும் இசக்கியும் சிரிப்போம்.

சில வருடங்களாக ஈரச் சாக்கும் பலிக்கவில்லை. ஒருநாள் இன்ஜின் ஆயில் அளக்கிற குச்சியை உருவினேன், பெட்ரோல் வாடை அடித்தது. பேட்டையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மைதீன் பாயிடம் கொண்டுபோனேன். அவர் குச்சியை முகர்ந்துவிட்டு அதை எனக்கும் நீட்டினார்.

“சவ்வு கிழிஞ்சிட்டு அக்கா. பெட்ரோலு ஆயிலுக்குள்ள எறங்குது. இப்ப வார பெட்ரோல்ல எத்தனால் கலந்துல்லா வருது. பழைய ரப்பருக்கு அது ஆவாது. புதுசு போட்டாலும் பழைய சரக்குதான் கெடைக்கும், அதும் கிழியும்.”

“அப்ப என்ன செய்ய?”

“கரண்டுல ஓடுத பம்பு போடணும். ஆனா பாத்துப் போடணும்.”

கொழுந்தன் கொண்டுவந்த பம்ப்

பார்த்துப் போடுவதற்குள் ஜெபராஜ் முந்திக்கொண்டார். என்னை மாடியறைக்கு அழைக்கிற அதே மனிதர்தான், வண்டி சரியாக வேண்டும் என்றும் ஓடினார். அவரைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில வருடம் ஆகும். உடைத்துப்போட்ட ஒரு காரிலிருந்து கழற்றிய கரண்ட் பம்பை எங்கிருந்தோ வாங்கிவந்து, தெரிந்த ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்து, எங்கள் வீட்டு முற்றத்திலேயே மாட்டிவிட்டார்.

“மதினி, இது சின்ன வயசு காரு பம்பு. சும்மா பிச்சுக்கிட்டுப் போவும் பாருங்க.”

பிய்த்துக்கொண்டுதான் போனது. ஸ்விட்சைப் போட்டதும் கார்புரேட்டரின் வாய் வழியாகப் பெட்ரோல் பொங்கி, சுடுகிற குழாய்மேல் வடிந்து, புகையாகக் கிளம்பியது. சரியாக அந்நேரம் பார்த்து இசக்கி தீப்பெட்டியோடு வந்துகொண்டிருந்தான். கையில் அகப்பட்ட தவலை மூடியை அவன்மேல் வீசிவிட்டு, ஓடிப்போய் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். மூடி அவன் முழங்காலில் பட்டது. இன்றைக்கும் மழை நாளில் அந்த முழங்காலைத் தடவிக் காட்டுவான்.

தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஜெபராஜ் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். கார்புரேட்டருக்குள் ஒரு மிதவை இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியில் இருக்குமே, அதே மாதிரி. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை ஏறி, ஒரு சின்ன ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். பம்ப் பையத் தள்ளினால் ஊசி அடைத்து நிற்கும். புதுக் கார்களில் பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்க வேண்டும் என்பதால் அந்தப் பம்புகள் பத்து மடங்கு வேகத்தில் முட்டும். ஊசி பாவம், ஒதுங்கிக்கொள்ளும். மைதீன் பாய் வந்து பார்த்துவிட்டு, “நல்லவேள, வீடு தப்புச்சு,” என்று மட்டும் சொன்னார்.

டிக் டிக்

பாய் வேறு பம்ப் வாங்கிவந்தார். சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. அதை இன்ஜின் பக்கமே கொண்டுபோகவில்லை. பின்னால், டேங்குக்குப் பக்கத்தில், டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே சட்டத்தில் மாட்டினார்.

“இதுக்குத் தள்ளத்தான் தெரியும், உறிஞ்சத் தெரியாது. அதான் கீழ வைக்கேன். பெட்ரோலு தன்னால எறங்கி வந்து இது வாயில விழணும்.”

பம்புக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஒரு வடிகட்டி. புதுப் பெட்ரோலைத் தாங்குகிற புது ரப்பர் குழாய்கள். கொதிக்கிற பக்கம் தொடாமல் மறுபக்கமாகவே குழாயைக் கொண்டுவந்தார். கார்புரேட்டருக்குப் பக்கத்தில் அழுத்தத்தை மட்டுப்படுத்த ஒரு திருகு, பக்கத்தில் ஒரு முள் மீட்டர். முள் எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று என் நகப்பூச்சை வாங்கி ஒரு கோடு போட்டார்.

பழைய பம்பைக் கழற்றியதும் இன்ஜினில் ஒரு ஓட்டை வாய் பிளந்து நின்றது. அதை மூட ஒரு தகடு வேண்டும். எங்கள் கடையில் ஓட்டை விழுந்த இரும்புச் சட்டி ஒன்று கிடந்தது. அதன் அடியை வெட்டி, அடித்துத் தட்டையாக்கி, மூடி போட்டோம். எத்தனையோ கல்யாணத்துக்கு அப்பளம் பொரித்த சட்டி அது.

கடைசியாக ஒரு ஸ்விட்ச். இன்ஜினில் ஆயில் அழுத்தம் இருந்தால்தான் பம்ப் ஓடும். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். இல்லையென்றால் வண்டி கவிழ்ந்து கிடந்தாலும் அது பாட்டுக்குப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும் என்றார் பாய். முதலில் கிளப்புவதற்கு மட்டும் அமுக்கிப் பிடிக்க ஒரு பொத்தான்.

பொத்தானை அமுக்கினேன். டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்தது. கார்புரேட்டர் நிறைய நிறைய அடி தளர்ந்தது. டிக்… டிக்… பிறகு எப்போதாவது ஒன்று. “இப்ப கெளப்புங்க,” என்றார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்காமலிருக்க ரப்பர் வைத்துத் தருகிறேன் என்றார் பாய். வேண்டாம் என்றேன். அது உயிரோடு இருக்கிறதா என்று எனக்குக் காதில் கேட்க வேண்டும். இதில் எங்களுக்குள் கொஞ்ச நேரம் வாக்குவாதம். நான் ஜெயித்தேன்.

டேங்கையும் பார்த்தார். பக்கவாட்டில் பெயின்ட் பூசிய ஒரு சின்ன மேடு இருந்தது. “லப்பம் வச்சு அடச்சுருக்காரு அண்ணன். ஒழுகலைல்லா? அப்ப அத நோண்ட வேண்டாம்,” என்றார். நானும் சரி என்றேன்.

அண்டாக்களில் தண்ணீர் நிரப்பி, உச்சிவெயிலில் செய்துங்கநல்லூர்வரை போய்வந்து பார்த்தோம். சாக்கு இல்லை, தண்ணீர் இல்லை. வண்டி ஒரு தடவைகூட முனகவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அசனத்தன்று காலையில், எதற்கும் இருக்கட்டும் என்று, பங்கில் டேங்க் தளும்பத் தளும்ப நிரப்பச் சொன்னேன். அவசர கேனையும் நிரப்பினேன். “யக்கா, பாதி போதாதா?” என்று இசக்கி இழுத்தான். “இன்னைக்கு எதுலயும் கொற வைக்கப்படாதுலே,” என்றேன்.

நுரை

அப்படிக் குறை வைக்காமல் வந்துதான் இந்தத் தேரியில் நின்றுகொண்டிருந்தோம்.

இறங்கினேன். பாய்க்கு போன் போட்டேன். வெள்ளிக்கிழமை. ஜும்மா நேரம், போன் அணைத்து வைத்திருந்தார். சரி, நம் கையும் காலும் இருக்கிறது என்று புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டிக்குக் கீழே குனிந்தேன். மணல் சுட்டது.

இசக்கியைப் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டுக் காது கொடுத்தேன். பம்ப் ஓட்டமாக ஓடுகிறது, தளரவே இல்லை. அப்படியென்றால் அதற்குப் பெட்ரோல் வரவில்லை. வடிகட்டியைப் பார்த்தேன். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வெள்ளையாக, கஞ்சி உறைந்தது போல் ஏதோ அப்பியிருந்தது. டேங்கின் குழாயை அடைத்துவிட்டு, கிண்ணத்தைத் திருகி எடுத்து விரலால் வழித்தேன். வழவழவென்று இருந்தது.

டேங்கின் பக்கவாட்டில், அந்த மேடு இருந்த இடத்தில், பெயின்ட் விரிந்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

“இசக்கி, பீடிய எடுத்த, கொன்னுருவேன்,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். தண்ணீர் கேனைச் சரித்து அவன் ஊற்றினான். கையைத் தேய்த்தேன்.

நுரை வந்தது.

வெள்ளை வெளேரென்று, துணி துவைக்கிற தொட்டியில் வருகிற மாதிரி நுரை. இசக்கி கேனை நிமிர்த்திவிட்டு என் கையையே பார்த்தான்.

“யக்கா, சோப்பு போடாமலா நொர வருது?”

கையை முகர்ந்தேன். பெட்ரோல் வாடைக்கு அடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாசம். எங்கள் வீட்டுச் சவுக்காரம்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் என் வீட்டுக்காரர் இந்த வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, “ஏட்டி, அந்தச் சவுக்காரத்தக் குடு,” என்றார். புதுக் கட்டியைக் கொடுத்தேன். திரும்பி வந்தது பாதி. மிச்சம் எங்கே என்று கேட்டேன். கை கழுவினேன் என்றார். பாதிக் கட்டியை ஒரு கைக்குத் தேய்ப்பார்களா என்று நான் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு எங்களுக்குள் பெரிய சண்டை. செத்துப்போகிறவரைக்கும் மனிதர் சொல்லவில்லை.

பெட்ரோல் டேங்கில் ஓட்டை விழுந்தால் சவுக்காரத்தை வைத்து அடைப்பது எல்லா லாரிக்காரர்களும் செய்கிற வேலை. பெட்ரோலில் சோப்பு கரையாது, வருடக்கணக்கில் நிற்கும். அதன்மேல் பெயின்ட் வேறு அடித்துவிட்டார். பாதிக்கு மேல் போடாதே என்று பங்கில் அவர் கத்தியதும் அந்த ஓட்டைக்காகத்தான். ஓட்டை அந்த உயரத்தில் இருந்தது. இப்போதைய பெட்ரோலில் கலக்கிற எத்தனாலில் சோப்பு கரையும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் தளும்பத் தளும்ப நிரப்பி, அவர் அடைத்து வைத்ததைக் கரைத்து எடுத்துவிட்டேன்.

நடு ரோட்டில் நின்று நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவர் வேண்டும்போலவும் இருந்தது. இசக்கி பயந்துவிட்டான்.

“யக்கா, ஒரு அண்டாவ எறக்குவோம். டேங்குல உள்ளத அதுல ஊத்தி, துணி போட்டு அரிச்சு…”

“சோறு பொங்குத பாத்திரத்துல பெட்ரோலா? அறைஞ்சிருவேன்.”

வண்டி நிறையப் பாத்திரம். ஒன்றைக்கூடத் தொட முடியாது. எங்கள் கடையில் சோற்றைத் தவிர வேறெதுவும் பாத்திரத்தில் விழக்கூடாது. சுண்ணாம்பு கரைக்கக் கேட்டால்கூடக் கொடுக்கமாட்டோம். அந்த நினைப்போடு வண்டியைச் சுற்றி வந்தேன். பக்கவாட்டுக் கூட்டில் கேன் நின்றது. காலையில் நிரப்பிய அவசர கேன். சுத்தமான பெட்ரோல், சோப்பே படாதது. அது இருக்கிற உயரமும் பம்புக்கு மேலே.

‘இருக்கட்டும்கா’ என்று பாய் சுருட்டிக் கொடுத்த மிச்சக் குழாய் சீட்டுக்கு அடியில் கிடந்தது. வடிகட்டியைக் கழுவித் துடைத்து மாட்டினோம். பெட்ரோல் தன்னால் இறங்கும்படி குழாயை முதலில் நிரப்பி, ஒரு முனையை வடிகட்டியில் மாட்டி, மறுமுனையைக் கேனுக்குள் விட்டு, கேன் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். முந்தானையிலிருந்து கிழித்த துணி. கேனைக் கூட்டோடு சேர்த்து, அண்டா கட்டுகிற கயிற்றால் இசக்கி வரிந்து கட்டினான். அவன் கட்டினால் பூகம்பம் வந்தாலும் அவிழாது.

ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன். டிக் டிக் டிக் டிக். மீட்டர் முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பிறகு அசைந்தது. நகப்பூச்சுக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. டிக்… டிக்…

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

தேரி மணலில் நாலு சக்கரமும் இழுக்க, வண்டி பைய ஏறியது. கோயில் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரிந்ததும் இசக்கி தொண்டையைக் கனைத்தான்.

“யக்கா, நின்னத யாரும் பாக்கலைல்லா. நிக்கவே இல்லன்னு சொல்லிருவோம்.”

அந்த யோசனை எனக்கும் வராமலில்லை.

“நின்னுச்சா?”

சாமுவேல் அண்ணாச்சி கோயில் வாசலிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் பாதி ஊர். கறியின்மேல் ஈ உட்காராமல் இரண்டு பெண்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். நேரம் தப்பவில்லை, ஆனால் நான் சொல்லியிருந்த நேரமும் இல்லை.

அண்ணாச்சி வண்டியைச் சுற்றி வந்தார். கயிறு சுற்றிய கேனையும், கிழிந்த என் முந்தானையையும் பார்த்தார். தலைமை ஆசிரியர் அல்லவா, கேள்வியைச் சுருக்கமாகத்தான் கேட்டார்.

“நின்னுச்சா?”

இசக்கி என்னைப் பார்த்தான். ஜெபராஜின் மாடியறை என் கண்முன்னால் வந்து போனது. அதன் ஜன்னல், அதன் காற்று, எல்லாம்.

“நின்னுச்சு அண்ணாச்சி.”

கூட்டத்தில் யாரோ ‘ச்’ என்றார்கள்.

“அப்ப, சொன்னது?”

“போடுதேன். பம்பு பழுதாவல, இன்ஜினும் பழுதாவல. கெடுத்தது டேங்கு. அத எடைக்குப் போடுதேன். அது பத்தாது, முழு வண்டியும்தான்னு சொன்னியன்னா, அதையும் போடுதேன். ஆனா மொதல்ல அண்டாவ எறக்குங்க. கறி காத்துக் கெடக்கு.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனார். அவரே ஒரு அண்டாவின் காதைப் பிடித்து இழுத்தார்.

“என்னப்பா வேடிக்க பாக்கிய? ஒரு கை பிடிங்க!”

வெயில் இறங்குவதற்கு முன்னாலேயே முதல் பந்தி உட்கார்ந்தது. பிள்ளைகள் ஒன்றுகூடத் தூங்கவில்லை. எதிர்வரிசையில் ஒரு சிறுமி எலும்பை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. அண்ணாச்சி குழம்பு வாளியோடு வந்தார். என் இலையில் ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தபடியே சொன்னார்.

“அடுத்த வருசம் புது டேங்கோட வா.”

சொன்ன சொல் சொல்தானே. அடுத்த வாரம் மைதீன் பாய் புது டேங்க் மாட்டினார். சோப்புக் கதையைக் கேட்டு ஒர்க் ஷாப்பில் உட்கார்ந்து சிரித்தார். “நான் லப்பம்னுல்லா நெனச்சேன்!” என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்க, எனக்கு என் வீட்டுக்காரரை ஒரு தடவை நன்றாகத் திட்டிய திருப்தி. ஜெபராஜ் அந்த மாடியறையில் இப்போது வெங்காயம் காயப்போட்டிருக்கிறார்.

பழைய டேங்கை நானே பேட்டையில் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். இசக்கி தூக்கிவந்து தராசில் வைத்தான். ஓட்டையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் சவுக்காரம் ஒட்டியிருந்தது. அவர் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அதில் அப்படியே தெரிந்தது. நான் அதை ஒரு தடவை தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் வாசலை எட்டிப் பார்த்தார்.

“யக்கா, வண்டி ஓடிக்கிட்டே நிக்கே. ஆஃப் பண்ணலியா? பெட்ரோலு வீணாப் போவுதுல்லா.”

“போவட்டும்,” என்றேன்.

வேறு எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவேன். அந்தக் கடை வாசலில் மட்டும் அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.